நிறம் மாறும் சொட்டு

பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு.
குடுவையில் நிறமில்லை.
இன்னொன்று. இன்னும் இல்லை.
அடுத்ததில் மொத்தமும் இளஞ்சிவப்பு.
பதினோரு வருஷமாக எனக்குச் சம்பளம் இதற்குத்தான்:
அந்தச் சொட்டுக்கு முந்தையதில்
கையை மெதுவாக்குவது.

இரவுப் பணி முடிந்த சில காலைகளில்
எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் ஏற
நான் ஸ்கூட்டியை நொச்சிக்காட்டுக்குத் திருப்புவேன்,
உப்பனாற்றங்கரைக்கு.

முதல் இரண்டு மாதம் கேமரா இல்லை.
ஒரு நோட்டு, ஒரு பழைய பல் பிரஷ்.
கரையில் கிடக்கும் எச்சத்தைக் கிளறினால்
செதில் என்றால் மடவை,
ஓடு என்றால் நண்டு.
ஈரம் என்றால் நேற்று ராத்திரி.
காய்ந்து வெளுத்திருந்தால்
நான் தூங்கிக் கழித்த ஏதோ ஒரு நாள்.
நீர்நாயைப் பார்த்ததே இல்லை,
அதன் சாப்பாட்டுக் கணக்கு மட்டும்
மளிகைக் கடைக்காரி போல் என்னிடம் இருந்தது.

அஞ்சாப்புலி வலையை உதறியபடி சொன்னார்:
"ஏத்தத்துல தேடாதம்மா.
வத்தம் பாதி இறங்கினா வரும்,
வந்து என் வலையக் கிழிக்கும்.
போட்டோ கெடைச்சா எனக்கும் ஒண்ணு குடு.
யார் மேல கேஸு போடறதுன்னு தெரிய வேணாமா?"

வத்தம் பாதி, விடியலில்.
கணக்குப் போட்டால் அஷ்டமியை ஒட்டித்தான் விழுகிறது.
ஊரே ஒதுக்கிவைத்த நாள் எனக்கு முகூர்த்தம்.
அடுப்படிக் காலண்டரில் பென்சிலால்
ஐந்து நாற்பது, ஆறு பத்து என்று குறித்தேன்.
இளவழுதி அதைப் பால்கணக்கு என்று எண்ணி
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு
பால்காரரிடம் சண்டைக்குப் போனார்.

பூ வைப்பதில்லை.
லாக்கரில் ஒரு சட்டை, சோப்பு படாமல் அலசியது.
ஆய்வக வாடை போகக் கை கழுவி
பிறகு அந்தக் கையைச் சேற்றில் தேய்த்து.
லென்ஸ் மூடி வண்டிப் பெட்டியிலேயே இருக்கும்,
கழற்றும்போது வரும் ஒரு 'டிக்' போதும்.
கேமராவின் பீப் அணைத்தாயிற்று.
பின்திரை வெளிச்சத்துக்குக் கருப்பு டேப்.
தில்லை மரத்தின் கீழ் மட்டும் உட்காரக் கூடாது,
பால் கண்ணில் தெறித்தால்
படமெடுக்கக் கண் இருக்காது.

அதற்கப்புறம் உட்கார்வது.
அது தனி உத்தியோகம்.
மரத்துப்போனது எந்தக் கால் என்று
கொஞ்ச நேரம் தெரியும், பிறகு தெரியாது.
ஒரு சின்ன நண்டு யோசித்துவிட்டு
என்னைச் சேற்றில் சேர்த்துக்கொண்டு
முழங்கால் மேல் ஏறிப் போகும்.
அன்றைக்கு அதுவே சான்றிதழ்.

ஆறாம் முறை ஒரு நரி.
ஏழாம் முறை எருமைகள், கூடவே அவற்றின் சொந்தக்காரர்.
எட்டு, மழை.
ஒன்பதில் தூங்கிவிட்டேன்.
விழித்தபோது கேமராவுக்கு முன்னால்
ஐந்து விரல் தடமும் வால் இழுத்த கோடும்,
தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது அதில்.

பத்தாம் முறை, மார்கழி, பனி.
குமிழிகள் ஒரு வரிசை.
நின்றது.
இன்னொரு வரிசை, கண்டல் வேர் பக்கம்.
விரல் பட்டனில்.
இப்போது அழுத்தினால் வெறும் தண்ணீர்.
தவறவிட்டால் வெறும் வளையம்.
இன்னும் இல்லை.
இன்னும்

தலை.
மீசையெல்லாம் நீர்,
வாயில் குறுக்காக ஒரு மடவை.

ஒரே படம்.
ஃபோகஸ் மீன் மேல் விழுந்திருக்கிறது.
செத்துக்கொண்டிருந்த மடவையின் கண் அவ்வளவு துல்லியம்,
பின்னால் ஒரு பழுப்பு மங்கல்.
கேன்டீனில் சூசைராஜ் "பெருச்சாளியா?" என்றார்.
அஞ்சாப்புலி என் போனை வெகுநேரம் பிடித்திருந்தார்.
"இது என் மீனு," என்றார்.

திங்கட்கிழமை என் மேசைக்கு
ஆற்றுநீர் பாட்டில் வந்தது.
மாதாமாதம் வருவதுதான்.
லேபிளில் நொச்சிக்காடு, காலை ஆறு மணி.
சுற்றிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல்,
யாருக்கும் எதுவும் கேட்காது.
இருந்தாலும் மூடியைச்
சத்தம் வராமல் திறந்தேன்.